வேட்டை வில்லுக்கு அம்பு தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிக்கு வெளியே, மாந்தோப்பை ஒட்டிய காலி நிலத்தில் ஞாயிறுதோறும் சிலர் சேர்ந்து வில் பழகுகிறோம். நுரை ரப்பரில் செய்த மான், பன்றி பொம்மைகளை மரத்தடியில் நிறுத்தி, தூரத்தை அளக்காமல் கண்மதிப்பில் எய்வோம். இதற்கு 3டி வில்வித்தை என்று பெயர். வேட்டை அனுமதி உள்ள நாடுகளில் வேட்டைக்காரர்கள் பழகுவதும் இப்படித்தான். அதனால் அம்பு விஷயத்தில் அவர்கள் பார்ப்பதையெல்லாம் நாங்களும் பார்க்கிறோம். அமெரிக்காவில் வேலைக்குப் போன நம்மூர்ப் பிள்ளைகள் சிலர் அங்கே உரிமம் எடுத்துவிட்டு, அம்பு வாங்கும் முன் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். புதிதாகப் பழக வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வேட்டை வில் வாங்கினால் நம்மூர்க் காட்டில் பயன்படுத்தலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். கொன்றால்தான் வேட்டை என்று இல்லை. துரத்துவதும், பொறி வைப்பதும், முயற்சி செய்வதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். தளி, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காவேரி வடக்கு வன உயிரின சரணாலயத்தில் வருகிறது. வில்லோடு அந்தப் பக்கம் ஒதுங்கவே வேண்டாம்.

"நிலக்கடலையை பன்றி உழுதுபோட்டுவிட்டது, ஒரே ஒரு அம்பு விடலாமா?" என்று கேட்பவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வழி அது இல்லை. வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், இழப்பீடு கேளுங்கள். மின்வேலியும் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்ததை நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இதற்குக் கீழே வேட்டை என்று எங்கே வந்தாலும், சட்டம் அனுமதிக்கிற நாட்டில், உரிமத்தோடு, பருவகாலத்தில் செய்வதையே சொல்கிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஒதுக்கியது. இன்றைக்கு வில்லின் குறைந்தபட்ச இழுவிசை (நாணை முழுசாக இழுக்கத் தேவைப்படும் விசை), அம்பு முனையின் அகலம் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. அதைப் படித்த பிறகே பொருள் வாங்குங்கள்.

அம்பில் என்னென்ன பாகங்கள்?

தண்டுதான் ஷாஃப்ட். அதன் பின்னால் நாண் கவ்வும் பிளவு உள்ள துண்டு நாக். அதற்குச் சற்று முன்னால் ஒட்டுகிற இறகை, பிளாஸ்டிக்காக இருந்தால் வேன் என்றும் பறவை இறகாக இருந்தால் ஃபெதர் என்றும் சொல்கிறோம். முன்பக்கம் ஷாஃப்டுக்குள் ஒட்டப்படும் மரையுள்ள உலோகத் துண்டு இன்சர்ட். அதில் திருகுவது பாயிண்ட். வேட்டைக்கான பிளேடு வைத்த முனைக்கு பிராட்ஹெட் என்று பெயர்.

இதில் முதலில் எதை முடிவு செய்வது?

ஷாஃப்டின் விறைப்பை. ஸ்பைன் என்பார்கள். இது தப்பிப்போனால் மற்றதில் எவ்வளவு செலவு செய்தாலும் அம்பு நேராகப் போகாது.

28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் ஷாஃப்டைப் படுக்க வைத்து, நட்டநடுவில் 1.94 பவுண்டு, அதாவது சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். நடுப்பகுதி எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஸ்பைன் எண் கிடைக்கும். அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் சிறியதாக இருந்தால் தண்டு விறைப்பு, பெரியதாக இருந்தால் தண்டு இளக்கம். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இதை நாங்கள் வீட்டிலேயே செய்து பார்ப்போம். ஒரு பலகையில் 28 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்கேல், அவ்வளவுதான். பாட்டிலும் கயிறும் சேர்த்து 880 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றி, வெட்டாத ஷாஃப்டின் நடுவில் மாட்டுங்கள். 500 என்று அச்சடித்த ஷாஃப்ட் சுமார் 12.7 மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். ஷாஃப்டை மெதுவாக உருட்டி உருட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக விறைத்து நிற்பது தெரியும். அந்தப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, எல்லா அம்பிலும் நாக்கை அந்தக் கோட்டுக்கு ஒரே திசையில் வைத்தால் அம்புகள் நெருங்கி விழும்.

விறைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? விரலால் நாணை விடும்போது நாண் சற்றுப் பக்கவாட்டில் நழுவிப் போகிறது. பின்னாலிருந்து தள்ளு வாங்கும் அம்பு, தண்ணீரில் மீன் நெளிவதுபோல நெளிந்து வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதிவேகப் படக்கருவியில் இதைப் படம்பிடித்துக் காட்டினார். நெளிவு சரியான அளவில் இருந்தால் இறகு வில்லில் உரசாது. நுனிகளில் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் விரலுக்குப் பதில் ரிலீஸ் கருவியால் விடுவதால் பக்கவாட்டு நெளிவு குறைவு. ஆனாலும் ஸ்பைன் பொருந்தியே ஆகவேண்டும்.

எந்த எண் வாங்குவது என்பதை வில்லின் இழுவிசை, அம்பின் நீளம், முனையின் எடை மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 60 பவுண்டு காம்பவுண்ட், 28 அங்குல அம்பு, 100 கிரெயின் (ஆறரை கிராம்) முனை என்றால் பெரும்பாலும் 400க்குப் பக்கத்தில் வரும். நீங்கள் வாங்கும் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். காம்பவுண்டில் இரண்டு எண்களுக்கு நடுவில் தடுமாறினால் விறைப்பானதை எடுங்கள், அதிலும் பிராட்ஹெட் போடுவதாக இருந்தால் கண்டிப்பாக.

நீளம் எவ்வளவு?

முழுசாக இழுத்து நிற்கும்போது ஷாஃப்டின் முன்முனை, அம்பு உட்காரும் ரெஸ்டுக்கு ஓர் அங்குலமாவது முன்னால் இருக்க வேண்டும். பழகுகிறவர்களுக்கு இரண்டு அங்குலம் விடுங்கள். அம்பு குட்டையாகி ரெஸ்டுக்குப் பின்னால் விழுந்தால், விடும்போது அது கைக்குள் பாயும். நீளமாக விட்டால் இளக்கம் கூடும், வெட்டினால் விறைப்பு கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெட்டிய பிறகு ஒட்டமுடியாது.

கார்பனா, அலுமினியமா, மூங்கிலா?

இன்றைக்கு வேட்டை வில்லுக்குக் கார்பன்தான் பொதுவான தேர்வு. வளைந்தபடியே நின்றுவிடாது; ஒன்று நேராக இருக்கும், இல்லாவிட்டால் உடைந்திருக்கும். அலுமினியம் அடிபட்டால் லேசாக வளைந்துகொண்டு, பார்வைக்கு நல்ல அம்பாகவே இருந்து ஏமாற்றும். ஆனால் ஒன்றுக்கொன்று எடையிலும் விறைப்பிலும் மாறாமல் அச்சடித்த மாதிரி வருவதில் அலுமினியத்தை இன்னும் மதிக்கிறேன். அதன் மேல் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 1816 என்றால் விட்டம் அங்குலத்தில் 64இல் 18 பங்கு, சுவரின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு.

மூங்கில் அம்பு நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் பிரிவில் இன்றும் இருக்கிறது. 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்வார்கள். அழகான வித்தை. ஆனால் மூங்கில் அம்பையோ மர அம்பையோ காம்பவுண்ட் வில்லில் ஏற்றவே கூடாது. சிதறிவிடும்.

விலை கூடிய, 0.001 நேர்த்தி உள்ள ஷாஃப்ட் வாங்கினால்தான் குறி தப்பாதா?

ஷாஃப்ட் பெட்டியில் 0.006, 0.003, 0.001 என்று போட்டிருப்பது, தண்டு எத்தனை அங்குலம்வரை கோணலாக இருக்கலாம் என்பதைக் குறிக்கிறது. 30 மீட்டருக்குள் எய்கிற நம்மைப் போன்றவர்களுக்கு 0.003 தாராளம். மிச்சமாகும் பணத்தில் நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள்.

நான் எல்லோரிடமும் மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பன்னிரண்டு அம்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரே பேட்ச் ஷாஃப்ட், ஒரே நீளம், ஒரே எடை, ஒரே இறகு. சுமாரான ஷாஃப்ட் பன்னிரண்டும் ஒன்றுபோல இருந்தால் அவை ஒரே இடத்தில் விழும். அந்த இடத்தை நோக்கி, வில்லில் குறிபார்க்க வைத்திருக்கும் சைட்டைத் திருப்பிவிடலாம். விலை உயர்ந்த அம்புகளே ஆனாலும் ஒன்றுக்கொன்று மாறினால் எந்தச் சைட்டாலும் அவற்றை ஒன்றுசேர்க்க முடியாது.

அம்பு உலகில் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். 15.43 கிரெயின் ஒரு கிராம். நம் பழைய கணக்கில் ஒரு குன்றிமணி இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. கட்டி முடித்த அம்புகளைத் தராசில் வைத்துப் பாருங்கள். மிகக் கனமானதற்கும் மிக லேசானதற்கும் நடுவில் இரண்டு குன்றிமணிக்கு மேல் வித்தியாசம் வந்தால், அந்த இரண்டையும் பழக்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு அம்பிலும் எண் எழுதுங்கள். எந்த எண் எங்கே விழுந்தது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

இன்சர்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே ஒட்டுவதுதானே?

எங்களிடம் பழகும் ஒரு கல்லூரிப் பெண், "அண்ணா, ஏழாம் நம்பர் மட்டும் வலப்பக்கமே ஓடுது, என் கை அப்படித்தானா?" என்று இரண்டு மாதம் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்தால் உண்மைதான், பத்தில் எட்டு முறை வலப்பக்கம். அம்பை வாங்கி முனையை உள்ளங்கையில் நிறுத்தி, பம்பரம் சுற்றுவதுபோல விரலால் சுழற்றினேன். மற்ற அம்புகள் சுற்றுவதே தெரியாமல் சுற்றின. ஏழாம் நம்பர் உள்ளங்கையில் குறுகுறுவென்று அதிர்ந்தது. ஷாஃப்டை வெட்டிய வாய் துளி சாய்வாக இருந்திருக்கிறது; அதன் மேல் உட்கார்ந்த இன்சர்ட்டும் சாய்ந்துவிட்டது. அவளுக்கு வெட்டிக் கொடுத்தது நான்தான். அந்த இரண்டு மாதத்தை அவளுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

அதிலிருந்து வெட்டிய ஒவ்வொரு வாயையும் தட்டையாகத் தேய்த்துவிட்டே ஒட்டுகிறேன். ஷாஃப்டின் வாயில் பெயிண்ட் மார்க்கர் பூசி, ஷாஃப்டை வி வடிவப் பள்ளத்தில் படுக்க வைத்து, உப்புத்தாள் ஒட்டிய நேரான கட்டையில் உரசிச் சுழற்றினால் மேடான இடத்தில் மட்டும் பெயிண்ட் போகும். முழு வட்டத்திலும் பெயிண்ட் போகும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் உள்ளே இருக்கும் கார்பன் தூளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு பசை. தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பசையில் இரண்டு வகை. சூட்டில் உருகும் பசை போட்டால் பிறகு கழற்றித் திருத்தலாம். ஆனால் கார்பனை நேரடியாக நெருப்பில் காட்டினால் அதைப் பிடித்திருக்கும் ரெசின் வெந்து தண்டு வலுவிழக்கும். பாயிண்டைத்தான் சூடாக்க வேண்டும், அதுவும் அளவாக. எப்பாக்ஸி போட்டால் கழற்ற முடியாது, ஆனால் பிடிப்பு அபாரம். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அம்பை விட்டுப் போகிறவர்களுக்கு எப்பாக்ஸியே நல்லது.

அலுமினிய இன்சர்ட் லேசானது. பித்தளை கனமானது, முன்பக்க எடையைக் கூட்ட நினைப்பவர்கள் அதை எடுப்பார்கள்.

முனை 100 கிரெயினா, 125ஆ?

125 கிரெயின் சுமார் 8.1 கிராம், கிட்டத்தட்ட ஒரு பவுன். 100 கிரெயின் ஆறரை கிராம். வித்தியாசம் துளிதான், ஆனால் அது இருப்பது அம்பின் மூக்கில். முன்னால் கனம் கூடினால் அம்பு காற்றில் அலைபாயாமல் போகும். அதே சமயம் ஷாஃப்ட் இன்னும் இளக்கமானதுபோல நடந்துகொள்ளும். முனையை மாற்றினால் ஸ்பைன் கணக்கைத் திரும்பப் போடவேண்டும்.

முன்கனத்தைச் சதவீதமாகச் சொல்வார்கள். ஒரு கத்தியின் முதுகில் அம்பைக் கிடத்தி, அது தராசுபோல நிற்கும் இடத்தைக் குறியுங்கள். நாக்கின் பள்ளத்திலிருந்து ஷாஃப்டின் முன் வாய்வரை 28 அங்குலம், நிற்கும் இடம் நாக்கிலிருந்து 17.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பாதி நீளம் 14. மிச்சம் 3.5. அதை 28ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேலும் ஏற்றுகிறவர்கள் உண்டு. தூரம் கூடும்போது அவர்களுடைய அம்பு சீக்கிரம் தாழும். தூரத்தைக் கண்மதிப்பில் கணிக்கும் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

மொத்த எடை? லேசான அம்பு வேகமாகப் போகுமே?

போகும். ஆனால் இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயின் என்பது பொதுவான கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் அம்பு வாங்கிக்கொள்ளாத விசை வில்லின் கைகளுக்கே திரும்பி வந்து வில்லை உடைக்கும். வேட்டைக்கு 6 முதல் 8 வரை பார்க்கிறார்கள்.

கணக்கு இப்படி: அங்குலத்துக்கு 8.5 கிரெயின் ஷாஃப்ட், 28 அங்குலத்துக்கு 238. இன்சர்ட் 20, முனை 100, நாக் 10, மூன்று வேன் 18. மொத்தம் 386 கிரெயின், அதாவது 25 கிராம். 60 பவுண்டு வில்லுக்குப் பவுண்டுக்கு 6.4 வருகிறது. நல்ல நடுத்தர அம்பு.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்துப் போனதாகச் சொல்வார்களே, அதற்கு எந்த அம்பு என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஊடுருவலுக்கு வேண்டியது கனம், கூர்மை, ஆடாமல் நேராகப் போவது. இதில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வால் ஆடிக்கொண்டு போய்க் குத்தும் அம்பு தன் விசையில் ஒரு பங்கைப் பக்கவாட்டிலேயே தொலைத்துவிடும். கனமான அம்புக்கு இன்னொரு லாபம், வில்லின் சத்தம் குறையும். நொடிக்கு 270 அடி போகும் அம்பு 30 கெஜம் கடக்க மூன்றில் ஒரு பங்கு நொடி எடுக்கிறது. சத்தம் அதில் கால் பங்கு நேரத்தில் மானின் காதுக்குப் போய்விடும். மான் குதிக்கத் தயாராகிக் குனியும்போது அம்பு வந்து சேரும். படவேண்டிய இடம் தவறிக் காயத்தோடு ஒரு உயிர் ஓடினால் அது எய்தவர் பொறுப்பு. நம்பிக்கை இல்லாத தூரத்தில் விடாதீர்கள்.

வேனா, ஃபெதரா? மூன்றா, நான்கா?

ரெஸ்டில் அம்பு உரசிப் போகும் பழைய பாணி வில்லுக்கு ஃபெதர். உரசினாலும் மடங்கிக் கொடுத்து அம்பை விட்டுவிடும். மழையில் நனைந்தால் பயனில்லை. காம்பவுண்டுக்கு இரண்டு அங்குல வேன் மூன்று போதும். கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்று நேராகும். பிராட்ஹெட்டுக்கு இந்தச் சாய்வு அவசியம். ஃபெதர் வாங்கினால் எல்லாம் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். இடது, வலது கலந்து ஒரே அம்பில் ஒட்டக்கூடாது.

ஆடிக்காற்றில் பெரிய இறகு அம்பைத் தள்ளிக்கொண்டு போகும். எங்கள் நிலம் திறந்தவெளி என்பதால் சின்ன, உயரம் குறைந்த வேனையே வைத்திருக்கிறேன்.

நாக் எவ்வளவு இறுக்கமாக இருக்கணும்?

நாணில் ஏற்றினால் 'டிக்' என்று உட்கார வேண்டும். அம்பைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் விழாமல் நிற்கவேண்டும். நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழவேண்டும். ஒளிரும் நாக் போடுகிறவர்கள் அதன் எடையைக் கவனியுங்கள்; வாலில் கூடும் எடை முன்கனத்தைக் குறைத்துவிடும்.

பிராட்ஹெட் போட்டதும் அம்பு வேறு இடத்துக்குப் போகிறதே?

பிளேடு என்பது முன்னால் ஒட்டிய இறகு மாதிரி. அம்பு துளி கோணலாகக் கிளம்பினாலும் அது காற்றைப் பிடித்து அம்பை இழுத்துக்கொண்டு போகும். சாதாரண முனை மன்னித்துவிடும் தப்பைப் பிராட்ஹெட் மன்னிக்காது. முதலில் அம்பைச் சுழற்றிப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் ரெஸ்டை நகர்த்துங்கள்: பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் ரெஸ்டை வலப்பக்கம், அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு அளவுக்கு. இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் விழும்வரை இப்படிச் செய்யவேண்டும்.

விரியும் பிளேடு உள்ள முனைகள் சாதாரண முனைபோலவே பறக்கும். ஆனால் விரிவதற்கே கொஞ்சம் விசை செலவாகும். இழுவிசை குறைந்த வில்லுக்கு அசையாத பிளேடுதான் என் தேர்வு. நம் பயிற்சி நிலத்தில் பிராட்ஹெட் வேண்டாம். பொம்மையும் கிழியும், பிள்ளைகள் கையும் கிழியும்.

எல்லாம் பொருந்திவிட்டது என்று எப்படித் தெரியும்?

இறகு ஒட்டாத ஒரு அம்பை, இறகுள்ள அம்புகளோடு சேர்த்து 18 மீட்டரில் எய்து பாருங்கள். வலக்கையால் இழுத்து, நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில் விரலால் விடுபவருக்கு, இறகில்லாத அம்பு இடப்பக்கம் தள்ளி விழுந்தால் விறைப்பு அதிகம்: முனை எடையைக் கூட்டுங்கள். வலப்பக்கம் விழுந்தால் இளக்கம்: முனை எடையைக் குறையுங்கள் அல்லது அம்பைக் கால் அங்குலம் வெட்டுங்கள். கீழே விழுந்தால் நாணில் நாக் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், மேலே விழுந்தால் ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

அம்பை எப்போது ஒதுக்குவது?

கார்பன் அம்பை ஒவ்வொரு முறை பிடுங்கியதும் இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சடசடவென்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அது முடிந்தது. பஞ்சுத் துண்டால் தண்டை நீள வருடுங்கள். பஞ்சு எங்காவது சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. கீறிய கார்பனை எய்தால் அது வில்லிலேயே உடைந்து, சிம்பு சிம்பாக வில் பிடித்த கைக்குள் ஏறும். அதை எடுக்க அறுவை சிகிச்சைதான். விலையைப் பார்த்து இன்னும் ஒரு தடவை என்று எய்யாதீர்கள்.

ஒதுக்கிய அம்பை அப்படியே குப்பையில் போடவும் வேண்டாம். கையுறை போட்டு, ரம்பத்தால் இரண்டாக அறுத்து, வாயில் டேப் சுற்றிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் தோப்புப் பக்கம் விளையாட வரும் பிள்ளைகள் யாராவது எடுத்து வில்லில் ஏற்றிவிடுவார்கள்.